சக்கரம் பூட்டவில்லை என்றால்: உடனே இறங்குவதா, வட்டமிடுவதா, வேறு விமான நிலையம் தேடுவதா?

2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், சக்கரம், பிரேக் போன்றவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் ஏற்பட்ட கோளாறு காரணமாகச் சுமார் இரண்டரை மணி நேரம் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து வானிலேயே சுற்றிவிட்டு, இரவு எட்டேகால் மணியளவில் பத்திரமாகத் திருச்சிக்கே திரும்பியது. போயிங் 737 ரகத்தைச் சேர்ந்த அந்த விமானத்தில் நூற்று நாற்பது பயணிகளுக்குக் குறையாமல் இருந்தனர். சக்கரங்கள் முறைப்படி வெளியே வந்தன. தரையிறக்கமும் வழக்கம்போலவே அமைந்தது. ஆனாலும் அந்த நேரம் முழுவதும் தொலைக்காட்சிகளில் நேரலை ஓடியதால், அன்று கிளம்பிய கேள்விகளை வாசகர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோளாறு தெரிந்ததும் ஏன் உடனே இறக்கவில்லை? நீளமான ஓடுபாதை உள்ள சென்னைக்கு ஏன் போகவில்லை? ஒரு சக்கரம் மட்டும் வராமல் போனால், மற்றவற்றையும் மடக்கிக்கொண்டு வயிற்றால் இறங்குவது மேலா?

மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. இருந்தாலும் கடந்த ஐம்பது ஆண்டு விபத்து அறிக்கைகளை வரிசையாகப் படிக்கும் ஒருவருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்: சக்கரக் கோளாறு மட்டுமே ஆளைக் கொன்றது அரிது; அதைச் சரிசெய்யும் முயற்சியில் தீர்ந்துபோன எரிபொருளும் சிதறிப்போன கவனமும்தான் பலரைக் கொன்றிருக்கின்றன. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கோணத்திலிருந்தே எழுதப்பட்டது.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல் எரிபொருள். அதை டன்னில் எண்ணுவதைவிட நிமிடங்களில் எண்ணுவதே இங்கே உதவும். சக்கரத்தை வெளியே தொங்கவிட்டபடி பறக்கும் விமானம் காற்றை எதிர்த்துக் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால், மடக்கிய நிலையில் ஒரு மணி நேரம் வரக்கூடிய எரிபொருள் அப்போது அவ்வளவு நேரம் வராது. விமானி அறையில் உள்ள கணினி இந்த வேறுபாட்டைத் தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்பவும் கூடாது.

இரண்டாவது எடை. 737-800 ரகம் ஏறத்தாழ 79 டன் எடையுடன் மேலெழலாம். இறங்கும்போதோ சுமார் 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். 747, 777 போன்ற பெரிய விமானங்களில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் ஏற்பாடு உண்டு. 737, ஏ320 இரண்டிலும் அது இல்லை. ஆகவே இவற்றில் எடையைக் குறைக்க வேண்டுமானால் எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது நிலம். ஓடுபாதை எவ்வளவு நீளம், அது முடிந்த பிறகு என்ன இருக்கிறது, தீயணைப்பு வண்டிகள் எத்தனை, காற்று எந்தப் பக்கம், வெளிச்சம் இருக்கிறதா என்பவை எல்லாம் இதில் அடங்கும்.

நான்காவது, செய்தபின் திரும்பப் பெற முடியாத செயல்கள். வழக்கமான ஹைட்ராலிக் இயக்கம் கைவிடும்போது பயன்படும் மாற்று வழியில் ஒருமுறை இறக்கிய சக்கரத்தைப் பல ரகங்களில் வானில் வைத்து மறுபடி மடக்க இயலாது. அத்தகைய செயலை எப்போது செய்கிறோம் என்பதே பாதி முடிவு.

ஐந்தாவது விமானிகளின் கவனம். இதற்கு எந்தக் கருவியும் அளவு காட்டாது. கோளாறைப் பார்ப்பவர் ஒருவர், விமானத்தை ஓட்டுபவர் இன்னொருவர் என்ற பிரிவினை நிலைக்கும் வரைதான் மற்ற நான்கு அளவுகோல்களுக்கும் பொருள் உண்டு.

பணமும் ஓர் அளவுகோல்தான். வயிற்றால் இறங்கிய விமானத்தை அகற்றும் வரை ஓடுபாதை முடங்கும், விமானமே கழிவுக்குப் போகலாம். அந்தக் கணக்கை நிறுவனம் பிற்பாடு பார்த்துக்கொள்ளட்டும்.

## முதலில்: கோளாறு சக்கரத்திலா, விளக்கிலா?

1972 டிசம்பர் 29 இரவு மயாமியை நெருங்கிய ஈஸ்டர்ன் 401 விமானத்தில் மூக்குச் சக்கரம் வெளிவந்து பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. விமானத்தைத் தானாக ஓட்டும் தானியங்கியை 2,000 அடி உயரத்தில் நிறுத்திவைத்துவிட்டு, விமானி அறையில் இருந்தவர்கள் அந்தச் சிறு விளக்கைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதிலேயே மூழ்கினர். இடையில் தானியங்கி உயரத்தைக் கைவிட்டதை எவரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்ல இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் உயிரிழந்தனர். மூக்குச் சக்கரம் பூட்டியேதான் இருந்தது. ஃப்யூஸ் போனது பல்பு.

அதன் பிறகு வந்த விமானங்களில் ஒரே சேதியைச் சொல்ல இரண்டு தனித்தனி வழிகள் வைக்கப்பட்டுள்ளன. 737-800 விமானத்தில் முன்பலகையில் மூன்று பச்சை விளக்குகள் இருப்பது போதாதென்று, தலைக்கு மேலுள்ள பலகையின் பின்பகுதியில் இன்னொரு மூன்று உண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டில் ஏதேனும் ஒன்று எரிந்தால் போதும். ஏ320 விமானத்தில் இரண்டு கணினிகள் தனித்தனியாகச் சக்கரத்தைக் கண்காணிக்கின்றன. திரையில் ஒரு சக்கரத்துக்கு ஒரு பச்சை முக்கோணம் தெரிந்தாலே அது பூட்டிக்கொண்டது என்று பொருள். இதை ஓரிரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒட்டித் தாழப் பறந்து காட்டும் பழக்கமும் இருக்கிறது. சக்கரம் தொங்குகிறதா, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கீழிருப்பவர் சொல்லலாம். பூட்டிக்கொண்டதா என்பதை எவ்வளவு நல்ல தொலைநோக்கியாலும் சொல்ல முடியாது. ஒருமுறை பறந்து காட்டுவதில் பயன் உண்டு. திரும்பத் திரும்பக் காட்டுவது எரிபொருளுக்குக் கேடு.

## வாய்ப்பு ஒன்று: உடனே இறங்குதல்

எடை அதிகமாக இருக்கும்போது இறங்கினால் விமானம் உடைந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியல்ல. அனுமதிக்கப்பட்ட இறங்கும் எடையில் நொடிக்கு 10 அடி வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்க வேண்டும் என்பதும், புறப்படும்போதுள்ள உச்ச எடையிலேயே தொட்டால்கூட நொடிக்கு 6 அடி வரை தாங்க வேண்டும் என்பதும் வடிவமைப்பு விதிகளிலேயே உள்ளன. வழக்கமான தரையிறக்கத்தில் விமானம் இதைவிடக் குறைந்த வேகத்தில்தான் தொடுகிறது. அதிக எடையில் இறங்கிய விமானத்தை மறுபடி பறக்கவிடுமுன் பொறியாளர்கள் ஆய்வு செய்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் செலவு அவ்வளவுதான்.

தெரியாத செலவுகள் வேறு. எடை கூடினால் இறங்கும் வேகமும் கூடும். அந்த வேகத்தை முழுவதுமாக விழுங்க வேண்டியவை பிரேக்குகள். கோளாறு ஹைட்ராலிக்கில் என்றால், சக்கரத்தோடு பிரேக்கும், இறக்கை மேல் எழும் தடுப்புப் பலகைகளும், எஞ்சினின் எதிர்விசையும்கூடப் பகுதியாகப் பலமிழந்திருக்கலாம். பலம் குறைந்த பிரேக்கை மிக அதிகமான எடையோடும் வேகத்தோடும் சோதிப்பது அறிவுடைமை ஆகாது. திருச்சியில் ஏன் உடனே இறக்கவில்லை என்ற கேள்விக்கு என் விடை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

இன்னொரு செலவு, தயாரிப்பு இல்லாமை. பணிப்பெண்கள் பயணிகளுக்குத் தலைகுனிந்து அமரும் முறையைச் சொல்லித்தர வேண்டும். கதவருகில் திடமானவர்களை உட்காரவைக்க வேண்டும். கீழே தீயணைப்பு வண்டிகள் இடம்பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் இவை அரைகுறையாகத்தான் நடக்கும்.

அப்படியென்றால் இது எப்போது சரி? தீயோ புகையோ இருந்தால், கேள்வியே எழாமல் இதுதான் சரி. 1991 ஜூலை 11 அன்று ஜெட்டாவிலிருந்து புறப்பட்ட நேஷன்ஏர் நிறுவனத்தின் டி.சி.-8 விமானத்தில், காற்று குறைந்த டயர் ஓட்டத்திலேயே சேதமாகிச் சூடேறியது. அந்தச் சக்கரம் மடங்கி உள்ளே போனதும் அதன் அறையிலேயே தீ பரவியது. திரும்பி வந்துகொண்டிருந்தபோதே விமானம் நொறுங்கி, உள்ளே இருந்த 261 பேரும் இறந்தனர். டயர் வெடித்ததாகவோ பிரேக் கொதிப்பதாகவோ சந்தேகம் இருந்தால் சக்கரத்தை மடக்காமல் வெளியிலேயே விட்டுவிடுவது நல்லது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. எரிபொருள் ஏற்கெனவே குறைவாக இருக்கும் விமானத்துக்கும் உடனே இறங்குவதே பொருந்தும். அங்கே எடை ஒரு சிக்கலே இல்லை.

## வாய்ப்பு இரண்டு: வட்டமிட்டு எரிபொருளைக் குறைத்தல்

இது எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு 2005 செப்டம்பர் 21 அன்று நடந்த ஜெட்புளூ 292 சம்பவம் நல்ல உதாரணம். பர்பேங்கிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பிய அந்த ஏ320 விமானத்தின் மூக்குச் சக்கரம் தொண்ணூறு பாகை திரும்பிக் குறுக்காக நின்றுவிட்டது. லாங் பீச் கோபுரத்தருகே தாழப் பறந்தபோது கீழிருந்தவர்கள் அதை உறுதிசெய்தனர். அதன் பிறகு சுமார் மூன்று மணி நேரம் கடலோர வானில் சுற்றி எரிபொருளைக் குறைத்தார்கள். விமானத்தின் எடை மையம் பின்னால் நகரும்படி பயணிகளைப் பின்வரிசைகளுக்கு மாற்றினார்கள். ஓடுபாதை நீளமாக இருந்த லாஸ் ஏஞ்சல்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். எஞ்சின் எதிர்விசையையும் தானியங்கிப் பிரேக்கையும் தவிர்த்து, மூக்கை முடிந்தவரை தூக்கிப் பிடித்தபடி தொட்டார்கள். குறுக்காக நின்ற சக்கரம் தீப்பொறி கக்கியபடியே ஓடுபாதையின் நடுக்கோட்டில் தேய்ந்து நின்றது. எவருக்கும் காயமில்லை. இருக்கைகளில் நேரலைத் தொலைக்காட்சி இருந்ததால், பயணிகள் தங்கள் விமானத்தைப் பற்றிய செய்தியைத் தாங்களே உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது இந்தக் கதையின் விசித்திரமான பகுதி. அது அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே வாய்ப்பு எப்படி நடக்கக் கூடாது என்பதற்கு 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லாந்தை நெருங்கிய யுனைடெட் 173. அந்த டி.சி.-8 விமானத்தில் வலப்பக்கச் சக்கரத்தை இயக்கும் தண்டு அரிப்பால் முறிந்து, சக்கரம் தடாலென்று விழுந்ததில், விளக்குக்குச் சேதி சொல்லும் சிறு சுவிட்ச் பழுதானது. சக்கரம் பூட்டியே இருந்தது. இறக்கையின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் அடையாளத்தையும் விமானப் பொறியாளர் பார்த்துவிட்டார். ஆனாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர்கள் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்: பயணிகளைத் தயார்ப்படுத்த வேண்டும், இன்னும் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும், இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். எரிபொருள் குறைவதைத் துணை விமானியும் பொறியாளரும் கண்டிருந்தும், தலைமை விமானியின் மனத்தில் தைக்கும்படி அழுத்திச் சொல்லவில்லை. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, ஓடுபாதைக்குச் சில மைல் முன்பே புறநகரில் விமானம் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தனர். விமானி அறையில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேச வேண்டும் என்ற பயிற்சி உலகெங்கும் கட்டாயமானதற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எவ்வளவு நேரம் சுற்றினார்கள் என்பது வேறுபாடே அல்ல என்று தெரியும். மூன்று மணி நேரம் சுற்றியவர்கள் பிழைத்தார்கள், ஒரு மணி நேரம் சுற்றியவர்கள் விழுந்தார்கள். முன்னவர்கள் ஒரு குறிப்பிட்ட எடைக்கு வருவதற்காகச் சுற்றினார்கள். பின்னவர்களுக்கு முடிவுப்புள்ளி என்று ஒன்று இருக்கவில்லை. ஆகவே வட்டமிட முடிவெடுத்த அந்தக் கணத்திலேயே எத்தனை மணிக்கு, எவ்வளவு எரிபொருள் மிச்சமிருக்கும்போது, என்ன நிலையில் இருந்தாலும் இறங்கத் தொடங்குவோம் என்பதைக் காகிதத்தில் எழுதிவைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சக்கரத்தைச் சரிசெய்யப் போய் எரிபொருள் தீர்ந்து போவதைவிட, அரைகுறைச் சக்கரத்தோடோ சக்கரமே இல்லாமலோ இறங்குவது மேல் என்று போயிங்கின் பயிற்சிக் கையேடும் சொல்கிறது.

இந்த வாய்ப்பின் மறைமுகச் செலவுகள் மூன்று. மாலையில் தொடங்கினால் இறங்கும்போது இருட்டிவிடும். வானிலை மாறலாம். எரிபொருளை மிகவும் குறைத்துவிட்டால் தீ அபாயம் தணியும் என்றாலும், முதல் முயற்சி சரிவராமல் மறுபடி மேலெழ வேண்டி வந்தால் அதற்குக் கையிருப்பு இராது. கடைசிச் சொட்டு வரை எரித்துவிட்டு இறங்குவது சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் இந்த மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள்.

## வாய்ப்பு மூன்று: பயணத்தைத் தொடர்தல் அல்லது வேறு நிலையத்துக்குப் போதல்

2011 நவம்பர் 1 அன்று வார்சாவில் வயிற்றால் இறங்கிய, போலந்து நிறுவனமான லாட்டின் 016 விமானம் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். நியூவார்க்கில் புறப்பட்ட சற்று நேரத்திலேயே அந்த போயிங் 767 விமானத்தின் நடு ஹைட்ராலிக் அமைப்பு எண்ணெய் இழந்துவிட்டது. சக்கரத்தை இறக்க மின்சாரத்தால் இயங்கும் மாற்று வழி இருந்தது. மற்ற ஹைட்ராலிக் அமைப்புகளும் நலமாக இருந்தன. நிறுவனத்தோடு கலந்து பேசி வார்சா வரை தொடர்ந்தார்கள். கடல் கடந்து வந்ததில் எடை தானாகக் குறைந்தது; சொந்த ஊர், தெரிந்த ஓடுபாதை, தயாராகக் காத்திருந்த மீட்புப் படை. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத முடிவு.

ஆனால் மாற்று வழி வேலை செய்யாது என்பது வார்சா வந்த பிறகுதான் தெரிந்தது. நகரத்துக்கு மேலே ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்றி முயன்றார்கள். போர் விமானங்கள் அருகில் வந்து பார்த்துவிட்டுச் சக்கரம் வெளியே வரவில்லை என்றன. இறுதியில் வயிற்றால் இறங்கி, 231 பேரும் காயமின்றி வெளியேறினர். பிறகு விசாரணையாளர்கள் விமானத்தைத் தூக்கி நிறுத்தி, துணை விமானியின் இருக்கை அருகே தரையோரமாக இருந்த ஒரு சர்க்யூட் பிரேக்கர் (மின்சுற்றைத் துண்டிக்கும் பொத்தான்) வெளியே துருத்தியிருப்பதைக் கண்டார்கள். அதை உள்ளே அழுத்தியதும் மாற்று வழி உயிர்பெற்றது, சக்கரங்கள் இறங்கின.

தொடர்ந்து போவதன் உண்மையான விலை இங்கே தெரிகிறது. மாற்று வழியை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடியாது. சோதித்தால் சக்கரம் வெளியே நிற்கும், கடல் கடக்க முடியாது. சோதிக்காமல் போனால், அது பழுதா இல்லையா என்ற சேதி எரிபொருள் மிகவும் குறைந்திருக்கும் நேரத்தில்தான் கைக்கு வரும்.

எதிர்ப்புறக் கோளாறு, அதாவது சக்கரம் மடங்க மறுப்பது, இன்னும் ஏமாற்றக்கூடியது. 2000 ஜூலை 12 அன்று கிரீஸின் ஹானியாவிலிருந்து ஹானோவருக்குப் புறப்பட்ட ஹப்பாக்-லாய்டு நிறுவனத்தின் ஏ310 விமானம், மடங்காத சக்கரத்துடனேயே ஜெர்மனி வரை போய்விடலாம் என்று வடக்கே பறந்தது. கணினி காட்டிய எரிபொருள் கணக்கில் தொங்கும் சக்கரத்தின் இழுவை சேர்க்கப்படவில்லை. வழியில் இறங்கத்தக்க நிலையங்கள் பல இருந்தும், மியூனிக், பிறகு வியன்னா என்று இலக்கை மட்டும் சுருக்கிக்கொண்டே வந்தார்கள். வியன்னாவை எட்டுவதற்குள் இரு எஞ்சின்களும் நின்றன. ஓடுபாதைக்குச் சில நூறு மீட்டர் முன்பே புல்வெளியில் விமானம் விழுந்தது. நற்பேறாக யாரும் இறக்கவில்லை. கோளாறுகளிலேயே மிகவும் சாதுவானது என்று தோன்றிய ஒன்று, இத்தனைக்குக் கொண்டுவந்து விட்டது.

சரி, திருச்சியா சென்னையா? திருச்சி ஓடுபாதை ஏறத்தாழ 2,480 மீட்டர். சென்னையின் பிரதான ஓடுபாதை 3,600 மீட்டருக்கும் மேல். சக்கரங்கள் இறங்கிப் பிரேக்கும் ஓரளவு இருக்கும் 737 விமானத்துக்கு, எடை குறைந்த பிறகு திருச்சி போதுமானது என்பது அன்று நிரூபணமானது. சக்கரமே வராத நிலையாக இருந்தால் நான் சென்னையின் பக்கம் சாய்ந்திருப்பேன். வயிற்றால் சறுக்கும் விமானத்துக்குப் பிரேக் என்று எதுவும் இல்லை. ஓடுபாதை முடிந்தபின் என்ன இருக்கிறது என்பதே உயிர் பிரச்சினை ஆகிவிடும். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவானில் சக்கரம் வெளிவராமல் இறங்கிய ஜெஜு ஏர் விமானம் ஓடுபாதை மீதே சறுக்கிச் சென்று, முடிவுக்கு அப்பால் ஆண்டெனாவைத் தாங்கிய கான்கிரீட் மேட்டில் மோதியது; 181 பேரில் 179 பேர் இறந்தனர். சென்னைக்கும் விலை உண்டு: நாட்டின் பரபரப்பான ஓடுபாதைகளில் ஒன்று பல மணி நேரம் முடங்கும், நகரின் மேலே தாழப் பறக்க வேண்டியிருக்கும், சக்கரம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதென்றால் அங்கே போய்ச் சேரும் எரிபொருளும் கூடும்.

## மாற்று வழியில் இறக்குவது: எப்போது?

737 விமானத்தில் துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு சிறு மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் மூன்று கைப்பிடிகள்: இடது, மூக்கு, வலது. ஒவ்வொன்றாக இழுத்தால் பூட்டு விடுபட்டுச் சக்கரம் தன் கனத்தாலேயே விழும். ஏ320 விமானத்தில் இரு விமானிகளுக்கும் நடுவேயுள்ள மேடையின் பின்பக்கத்தில் ஒரு கைச்சுழற்றி. மூன்று சுற்று சுற்ற வேண்டும். எளிய, நம்பத்தக்க ஏற்பாடுகள்.

விலை என்னவென்றால், ஏ320 விமானத்தில் இப்படி இறக்கினால் சக்கர அறையின் கதவுகள் திறந்தே நிற்கும், மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் வசதி போய்விடும். விமானம் ஓடுபாதையிலேயே நின்று இழுவை வண்டிக்குக் காத்திருக்கும். ஆகவே இறங்கப் போகும் நிலையம் முடிவாகி, வானிலையும் உறுதியான பிறகே இதைச் செய்ய வேண்டும். அதே சமயம் இதுவும் கைவிட்டால் யோசிக்க நேரம் வேண்டும் என்பதால் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடவும் கூடாது. 2023 அக்டோபர் 4 அன்று சட்டனூகாவில் ஃபெடெக்ஸ் 1376 என்ற போயிங் 757 சரக்கு விமானம் ஒரு ஹைட்ராலிக் அமைப்பை இழந்தபோது, மாற்று வழியின் மின்கம்பி ஒன்றும் அறுந்திருந்தது. வயிற்றால் இறங்கி ஓடுபாதையையும் தாண்டிச் சென்று நின்றது, மூவரும் தப்பினர்.

## வந்த சக்கரத்தை வைத்துக்கொள்வதா, மடக்கிவிடுவதா?

| நிலை | கையாளும் முறை | மறைமுகச் செலவு | நடந்த உதாரணம் |
|---|---|---|---|
| மூக்குச் சக்கரம் மட்டும் வரவில்லை | எடையைப் பின்னால் நகர்த்தி, மூக்கை முடிந்தவரை தூக்கிப் பிடித்து மெல்ல இறக்குதல் | மூக்கு படிந்ததும் திருப்பும் வசதி இல்லை. பின்கதவுகள் உயரமாகிவிடும் | 2019 மே 12, மண்டலே, எம்ப்ரேயர் 190 |
| ஒரு பக்கப் பிரதானச் சக்கரம் வரவில்லை | அந்தப் பக்க இறக்கையைக் கடைசி வரை தாங்கிப் பிடித்தல் | எஞ்சின் உரசும். விமானம் அந்தப் பக்கமே இழுக்கும் | 1997 நவம்பர் 5, ஹீத்ரோ, ஏ340 |
| எதுவும் வரவில்லை | நீளமான ஓடுபாதை, நேரான இறக்கம், குறைந்த எடை | பிரேக்கே இல்லை. ஓடுபாதை நீண்ட நேரம் முடங்கும் | 2011 நவம்பர் 1, வார்சா, 767 |

மூன்றாம் வரிசையில் எல்லாம் சமச்சீராக இருப்பதால் அதுவே பாதுகாப்பானது என்று பலர் வாதிடுகிறார்கள். பெரிய ஜெட் விமானங்களைப் பொறுத்தவரை நான் இதை ஏற்பதில்லை. வெளியே வந்த ஒவ்வொரு சக்கரமும் தரையின் முதல் அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது, பிரேக் பிடிக்கிறது, எரிபொருள் தொட்டி உள்ள இறக்கையைத் தரையிலிருந்து சில நொடிகளாவது தள்ளிவைக்கிறது. போதாக்குறைக்கு, மடக்கிய சக்கரம் பாதியில் சிக்கிக்கொண்டால் முன்பைவிட மோசமான நிலை. 2014 டிசம்பர் 29 அன்று வர்ஜின் அட்லாண்டிக்கின் 747 விமானம் வலது இறக்கைச் சக்கரத் தொகுதி இல்லாமல் கேட்விக்கில் இறங்கியது. மற்றத் தொகுதிகள் நான்கும் தாங்கிக்கொண்டன.

இறக்கையில் சுழலிகள் (ப்ரொப்பெல்லர்) கொண்ட விமானங்களுக்குத்தான் இதில் ஒரு கூடுதல் கணக்கு. 2007இல் எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தின் கியூ400 விமானங்கள் இரண்டே மாதத்துக்குள் மூன்று முறை வலப்பக்கச் சக்கரச் சிக்கலில் மாட்டின. செப்டம்பர் 9 அன்று ஓல்போரில் சக்கரம் மடிந்து, சுழலியின் அலகுகள் தரையில் மோதிச் சிதறியதில் துண்டுகள் பயணிகள் பகுதிக்குள்ளேயே பாய்ந்தன. அக்டோபர் 27 அன்று கோபன்ஹேகனில் வலது எஞ்சினை முன்கூட்டியே அணைத்துவிட்டு இறங்கினார்கள். அதன் பிறகு நிறுவனம் அந்த ரகத்தையே கைவிட்டது. இவ்வகை விமானத்தில், சக்கரம் இல்லாத பக்கத்துச் சுழலியின் நேர்வரிசையில் யாரும் உட்காராதபடி பார்த்துக்கொள்வது, சக்கரம் பற்றிய எந்த முடிவுக்கும் குறைந்ததல்ல.

## நுரையும் சறுக்கும்

ஓடுபாதையில் நுரை பரப்புவது வார்சாவில் நடந்தது. பார்க்கவும் நம்பிக்கை தரும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இப்போது இதைப் பரிந்துரைப்பதில்லை. நுரை பரப்பிய இடத்தில்தான் விமானம் தொடும் என்று உறுதி இல்லை; சக்கரம் ஓரளவு இருந்தால் ஈரத்தில் பிரேக் பிடிப்பு குறையும்; தீப்பிடித்தபின் தேவைப்படும் நுரை முன்பே செலவாகியிருக்கும். தீயணைப்பு வண்டிகளில் நுரையை நிரப்பிவைத்து, விமானம் நின்றதும் அடிப்பது நல்லது.

நின்ற பிறகு அவசரச் சறுக்குகளில் இறக்குவதா, படிக்கட்டு வரும் வரை உட்காரவைப்பதா என்பது கடைசி முடிவு. புகையோ எரிபொருள் கசிவோ இருந்தால் சறுக்குதான். வார்சாவில் அப்படியே இறக்கினார்கள். ஆனால் சறுக்கில் கால் முறிவதும் தோல் உரிவதும் சாதாரணம். மூக்கு தரையில் படிந்து வால் தூக்கி நின்றால் பின்பக்கச் சறுக்கு ஏறக்குறைய செங்குத்தாகிவிடும். ஹீத்ரோ ஏ340 தரையிறக்கத்தில் நேர்ந்த சிறு காயங்கள் வெளியேறும்போது ஏற்பட்டவையே. லாஸ் ஏஞ்சல்ஸில் விமானம் நின்றதும் தீ இல்லை என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் உறுதி கூறியது. ஜெட்புளூ பயணிகள் படிக்கட்டு வண்டி வரும் வரை இருக்கைகளிலேயே காத்திருந்து, கைப்பைகளோடு நடந்தே இறங்கினார்கள்.